தாளமும் போரும்

வயலில் நாற்று நடுவோர் பாடுகின்றனர். கடலில் துடுப்பு வலிப்போர் பாடுகின்றனர். படைவீரர் முரசொலிக்கேற்ப அடிபெயர்த்து நடக்கின்றனர். பலருடைய உடல்கள் ஒருங்கே இயங்க வேண்டிய இடங்களிலெல்லாம் தாளம் தானே வந்து துணை நிற்கின்றது. ஆயின், படை களத்தை அடைந்து கைகலந்தபின் நிலைமை மாறிவிடுகின்றது. முரசு முழங்கிக்கொண்டுதான் இருக்கும். எனினும், எந்த வீரனும் அதன் அடிகளை எண்ணிக்கொண்டு வாள் வீசுவதில்லை. எதிரியின் தோள் எப்பொழுது அசைகின்றதோ அப்பொழுதே அவன் கேடயம் எழுதல் வேண்டும். தாளத்துக்காக அவன் அரை நொடி காத்திருப்பானாயின் அவன் தலை தப்பாது. இசைக்கு ஒழுங்கு உயிர். போருக்கோ, வேண்டிய கணத்தில் வேண்டியதைச் செய்யும் உரிமையே உயிர்.

ஒன்றோடொன்று மாறுபட்ட இவ்விரண்டையும் ஒரே கையால் ஒரே வேளையில் செய்விக்க இயலுமா? இவ்வினா, அண்மைக் காலத்தில் வீடியோ விளையாட்டுகளை ஆக்குவோர் முன் எழுந்தது. அவ்விளையாட்டுகளை ஆடியறியாத மாணவர் இன்று அரியர். அவை ஆக்கப்படும் முறையை அறிந்தவரோ மிகச் சிலரே. இவ்வினாவுக்கு ஜப்பான் நாட்டில் ஒரு குழுவினர் கண்ட விடை, அம்முறையை அறிந்துகொள்வதற்கும் நல்லதொரு வாயிலாகும்.

முதலில், இணைக்கப்பட வேண்டிய இருவகை விளையாட்டுகளின் இயல்பையும் தனித்தனியே அறிதல் நலம். தாளத்தை அடிப்படையாகக் கொண்டவற்றுள் முன்னோடியாக மதிக்கப்படுவது ‘பராப்பா தி ராப்பர்’ என்பது. மசாயா மட்சூரா என்னும் ஜப்பானிய இசைக்கலைஞர் அதனை அமைத்தார். 1996ஆம் ஆண்டில் பிளேஸ்டேஷன் கருவிக்காக அது வெளிவந்தது. அதில் ஆசிரியர் ஓரடி பாடுவார். ஆடுபவர் அவ்வடியை அதே தாளத்தில், பொத்தான்களை அழுத்தித் திருப்பிச் சொல்லுதல் வேண்டும். திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியர் சொல்ல, மாணவர் ஒருவாய்ப்படத் திருப்பிச் சொன்ன முறைக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை. வியப்பு யாதெனில், அவ்விளையாட்டின் முதற் பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் தற்காப்புக்கலை ஆசான் ஒருவர்; அவர் கற்பிப்பனவும் உதையும் குத்துமே! ஆயினும், அங்கே போர் இல்லை. உதை என்பது பாட்டின் ஒரு சொல்லே அன்றி, எவர்மீதும் பட்டு வீழ்த்துவதன்று. ஆடுபவர் பாட்டுக்கு முழுதும் அடங்கியவராகவே நிற்கின்றார்.

போர் விளையாட்டின் இயல்பு இதற்கு நேர்மாறானது. கேப்காம் என்னும் நிறுவனம் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். இத்தகைய விளையாட்டுகளை ஆக்குவோர் ஒரு குத்தை மூன்று கூறாகப் பிரித்துக் காண்பர். கையை ஓங்குதல் ஒன்று. அடி படுதல் மற்றொன்று. நீட்டிய கையை மீட்டுப் பழைய நிலைக்கு வருதல் மூன்றாவது. மெல்லிய குத்துக்கு ஓங்கலும் மீட்சியும் குறுகியிருக்கும். வலிய குத்துக்கு அவை நீண்டிருக்கும். எதிரி ஓங்கும்பொழுது முந்திக்கொள்வதும், அவன் மீளும்பொழுது புகுந்து தாக்குவதுமே ஆட்டத்தின் நுட்பம்.

அவ்விளையாட்டை ஆக்கியோர் சோதனையின்போது ஒன்றைத் தற்செயலாகக் கண்டனர். ஓர் அடி பட்டு எதிரி தடுமாறுகின்ற சிறுபொழுதுக்குள் அடுத்த அடியைப் பிழையின்றித் தொடுத்தால், அவனால் அதனைத் தடுக்க இயலவில்லை. இஃது அவர்கள் எண்ணி அமைத்ததன்று. கைக்கொள்ள மிகக் கடினமானது என்று கருதி, அதனை நீக்காமல் அவ்வாறே விட்டுவிட்டனர். உலகெங்குமுள்ள இளைஞரோ அதனையே விரும்பிப் பயின்றனர்; அடிகளைத் தொடுக்கும் அம்முறை பின்னர் இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் உரிய இலக்கணமாகவே ஆகிவிட்டது. ஆகவே, போரினுள்ளும் ஒரு தாளம் மறைந்து கிடந்தது என்பது தெளிவு. ஆயின், அத்தாளத்தை வகுப்பது ஆடுபவரின் கை; பாட்டு அன்று.

இவ்விரண்டையும் இணைக்க முயன்றவர் பலர். கனடா நாட்டில் உருவாகி 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கிரிப்ட் ஆஃப் தி நெக்ரோடான்சர்’ என்னும் விளையாட்டில், தாளத்தட்டு விழும்பொழுதுதான் அடியெடுத்து வைக்கலாம், வாள் வீசலாம். தட்டுக்குப் புறம்பாக எடுத்த அடி செல்லாது. அங்கே சட்டம் வென்றது, உரிமை குறைந்தது. அவ்விளையாட்டு கட்டங்களில் காய் நகர்த்துவது போன்றதாகலின், அக்குறை அதற்கு அழகாகவே அமைந்தது. பிரேசிலில் உருவாகி 2023ஆம் ஆண்டில் வந்த ‘காட் ஆஃப் ராக்’ என்பதில், போரிடும் இருவர் உருவங்களுக்குக் கீழே இசைக்குறிகள் ஓடிவரும். ஆடுபவர் அவற்றைத் தாளம் தவறாது அழுத்த அழுத்த, மேலே அடிகள் விழும். கருத்து நன்றே. ஆயினும், கண்கள் இரண்டும் குறிகளிலேயே பதிந்துவிடின், மேலே நிகழும் போரைக் காண்பது யார்?

ஜப்பானியத் தலைநகராகிய டோக்கியோவில் ‘டாங்கோ கேம்வொர்க்ஸ்’ என்னும் நிறுவனம் 2010ஆம் ஆண்டில் ஷின்ஜி மிகாமி என்பவரால் தோற்றுவிக்கப்பட்டது. காண்போரை நடுங்கச் செய்யும் பேய்க்கதை விளையாட்டுகளே அதற்குப் புகழ் தேடித் தந்தவை. 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி ஈவில் வித்தின் 2’ என்னும் அத்தகைய விளையாட்டை இயக்கியவர் ஜான் ஜோஹனாஸ். அவர் அடுத்து எடுத்துக்கொண்ட பணியோ, இருளும் குருதியும் நிறைந்ததன்று. பல வண்ணமும் துள்ளலிசையும் நிறைந்த ‘ஹை-ஃபை ரஷ்’ என்பது. மிளகாய் வணிகர் ஒருவர் திடீரென்று மலர்க்கடை வைத்ததை ஒக்கும் மாற்றம் இது!

அதன் கதைத் தலைவன் சாய் என்னும் இளைஞன். இசைமேடையில் புகழ் பெற வேண்டுமென்பது அவன் கனவு. ஆனால், அவனது வலக்கை ஊனமுற்றது. இயந்திரக் கை பெறும் நோக்குடன் பெருநிறுவனம் ஒன்றை அவன் நாடிச் செல்ல, அங்கு நேர்ந்த ஒரு தவற்றால் அவனுடைய சிறு இசைக்கருவி அவன் மார்பினுள்ளேயே பதிந்துவிடுகின்றது. அன்று முதல் அவன் காணும் உலகம் முழுவதும் அக்கருவியின் தாளத்துக்கு அசைகின்றது. குழாய்கள் தாளத்தில் ஆவி உமிழ்கின்றன. மரங்கள் தாளத்தில் ஆடுகின்றன. அவன் காலடியும் தாளத்திலேயே விழுகின்றது. ‘குறையுள்ள பொருள்’ என்று அவனைப் பிடிக்க வரும் இயந்திர மனிதரும் தாளத்திலேயே தாக்குகின்றனர். பழைய இரும்புத்துண்டுகள் ஒட்டிச் சேர்ந்த கிதார் ஒன்றே அவனுக்குப் படைக்கலம்.

ஜோஹனாஸும் அவர் குழுவினரும் மேற்கொண்ட கொள்கை இதுவே: உலகம் தாளத்துக்கு அடங்க வேண்டும், ஆடுபவர் அடங்க வேண்டுவதில்லை. ஆடுபவர் எக்கணத்தில் பொத்தானை அழுத்தினாலும் சாய் கிதாரை ஓங்குவான்; அடி மட்டும் தாளத்தட்டிலேயே சென்று படும். தட்டோடு தட்டாக அழுத்துபவருக்கு மிகுதியான வலிமையும் மதிப்பெண்ணும் கிடைக்கும். தவறி அழுத்துபவருக்கு அவை கிடையா. ஆயின், தண்டனையும் இல்லை. மெல்லிய அடி ஒரு தட்டு அளவினது. வலிய அடி இரண்டு தட்டு அளவினது. ஆடுபவரின் உரிமையும் கெடவில்லை. பாட்டின் ஒழுங்கும் கெடவில்லை. சொல்வதற்கு எளிதாகிய இதனைச் செய்துமுடிப்பதில் உள்ள அருமை சிறிதன்று.

கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் மாத்திரைக்கு அளவாகக் கூறியது தொல்காப்பியம். எழுத்தின் ஒலிக்கு அவ்வளவை போதும். கணினிக்கு அது போதாது. திரையில் காணும் அசைவு உண்மையில் அசையாப் படங்களின் தொடரே. இத்தகைய விளையாட்டுகளில் நொடிக்கு 60 படங்கள் தோன்றி மறைவது வழக்கம். பாட்டு நிமிடத்துக்கு 120 தட்டு உடையதாயின், தட்டுக்கு அரை நொடி. அதாவது, சரியாக 30 படங்கள். 150 தட்டு உடையதாயின் 24 படங்கள். இதுவரை இடையூறு இல்லை. பாட்டு 140 தட்டு உடையதாயின் என் செய்வது? தட்டொன்றுக்கு 25 படமும், எஞ்சிய ஏழில் ஐந்து பங்கும் வரும். படத்தை ஏழு கூறாக்கிக் காட்ட இயலாது. ‘பின்னத்தைத் தள்ளிவிட்டு 25 என்றே கொள்வோம்’ என்று ஒருவர் எண்ணினால், ஒவ்வொரு தட்டிலும் ஏழில் ஐந்து பங்கு குறைந்துகொண்டே வரும். ஒரு நிமிடத்தில் 140 தட்டுகளுக்கும் குறைந்தது எத்துணை? முழுமையாக 100 படங்கள்; ஏறத்தாழ ஒன்றேமுக்கால் நொடி. பாட்டு தன் வழியே செல்ல, சாயின் கிதார் அதனை விட்டு நான்கு தட்டளவு முன்னே ஓடிவிடும்!

ஆதலால், இத்தகைய விளையாட்டைச் செம்மையாக ஆக்குவோர் படங்களை எண்ணித் தாளம் அறிவதில்லை, பாட்டையே கேட்டறிகின்றனர். கணினியில் ஒலி நொடிக்கு 48,000 நுண்கூறுகளாகப் பகுத்து வைக்கப்படுவது பெருவழக்கு. எத்தனையாவது கூறு இப்பொழுது ஒலிக்கின்றது என்று நிரல் இடைவிடாது வினவும். அடுத்த தட்டு எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை அதிலிருந்து கணக்கிடும். மிருதங்கம் வாசிப்பவர் சுவர்க் கடிகாரத்தை நோக்குவதில்லை. பாடுபவர் முகத்தையே நோக்குகின்றார் அன்றோ?

தட்டுக்கு எஞ்சிய பொழுது தெரிந்தபின், அடியை அதற்கேற்ப அமைத்தல் வேண்டும். மேலே கூறிய மூன்று கூறுகளுள், அடி படும் கணத்தைத் தட்டிலிருந்து நகர்த்தலாகாது. ஓங்கலை மட்டும் நீட்டலாம், சுருக்கலாம். நிமிடத்துக்கு 120 தட்டுள்ள பாட்டில், ஒரு தட்டு விழுந்து நொடியில் ஐந்தில் ஒரு பங்கு கழிந்தபின் ஆடுபவர் பொத்தானை அழுத்துவதாகக் கொள்வோம். அடுத்த தட்டுக்கு 18 படங்கள் எஞ்சியிருக்கும். அவற்றுள் ஓங்கல் நன்கு அடங்கும். ஐந்தில் இரண்டு பங்கு கழிந்தபின் அழுத்தினால் 6 படங்களே எஞ்சும். கனத்த கிதாரை அவ்வளவு குறுகிய பொழுதில் தூக்கி வீசினால் அது கிதாராகத் தோன்றாது, காகிதமாகத் தோன்றும். அதற்கென்று அடுத்த தட்டுக்குத் தள்ளிவைத்தாலோ, ஆடுபவருக்குத் தம் கை மரத்துப்போனது போலிருக்கும். இவ்விடத்தில்தான் ஓவியரின் திறன் வேண்டப்படுகின்றது. பொத்தானை அழுத்திய அக்கணமே உடல் சிறிதேனும் அசைந்துவிட வேண்டும். தோள் திரும்ப வேண்டும். அடி பின்னர் வந்தாலும் குற்றமில்லை. தம் சொல் கேட்கப்பட்டது என்பதைக் கண் அறிந்துகொண்டால், கை பொறுத்துக்கொள்ளும். விரைவான பாட்டில் இத்தொல்லை குறையும். மிக விரைவான பாட்டிலோ ஓங்குவதற்கே இடமிராது. ஆகவே, எந்தப் பாட்டைத் தெரிந்தெடுப்பது என்பதும் போரின் அமைப்பைச் சார்ந்ததே ஆயிற்று. இவ்விளையாட்டில் ‘நைன் இஞ்ச் நெய்ல்ஸ்’ முதலிய புகழ்பெற்ற இசைக்குழுவினரின் பாடல்களும், குழுவினர் தாமே அமைத்த இசையும் இடம்பெற்றுள்ளன.

இனி மற்றோர் இடர். ஒலி, கருவியை விட்டுப் புறப்பட்ட அக்கணமே செவியை அடைவதில்லை. காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலிக்கு, அறையின் மறுபக்கத்திலிருக்கும் ஒருவரை அடைய நொடியில் நூறில் ஒரு பங்கு போதும். அது பொருட்படுத்தத் தக்கதன்று. ஆனால், தொலைக்காட்சிப் பெட்டி படத்தைச் செப்பஞ்செய்து காட்டுவதற்கும், கம்பியில்லாக் காதணிக் கருவி ஒலியை வாங்கி வெளியிடுவதற்கும் அதனினும் மிகுந்த பொழுது பிடிக்கும். கம்பியில்லாக் கருவிகள் சிலவற்றில் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரையில் காலம் தாழ்க்கும். 150 தட்டுள்ள பாட்டில் அது சரியாக அரைத்தட்டு! செவி ‘இப்பொழுது’ என்று கூறும் கணத்தில் பாட்டு அரைத்தட்டு முன்னே சென்றுவிட்டிருக்கும். பிழையின்றித் தாளம் போட வல்லவரே அங்கு எப்பொழுதும் தவறுவார்; ஆடுபவரோ தம் கையையே நொந்துகொள்வார். இதனைப் போக்கவே, தாள விளையாட்டுகளின் தொடக்கத்தில் ஒரு சிறு சோதனை வைப்பர். கேட்கும் தட்டுக்கேற்பப் பொத்தானைச் சில முறை அழுத்துமாறு ஆடுபவரைக் கேட்பர். அவர் சராசரியாக எவ்வளவு பிந்துகின்றார் என்று கண்டு, அவ்வளவையும் கழித்தே பின்னர் மதிப்பிடுவர். அவரவர் வீட்டுப் பெட்டிக்கேற்ப நீதியின் துலாக்கோலைத் திருத்தி வைப்பது போன்ற செயல் இது.

இயந்திரத்தின் குறையை இவ்வாறு கழித்துவிடலாம். மனிதரிடத்தே தாள உணர்வு குறைந்திருப்பின்? நன்கு பாடத் தெரியாதவரும், செவித்திறன் குன்றியவரும் இவ்விளையாட்டை ஆடலாகாதா? இதனை ஜோஹனாஸின் குழுவினர் முன்னரே எண்ணிப் பார்த்தனர் என்பதற்கு விளையாட்டெங்கும் சான்றுகள் உள்ளன. சாயை விட்டு நீங்காமல் ‘808’ என்னும் பெயருடைய இயந்திரப் பூனை ஒன்று உடன் வருகின்றது. போரின்போது அஃது உருண்டை வடிவாகி அவனருகே மிதந்து, தட்டுதோறும் துடித்துக் காட்டும். அதுவும் போதாதவர்க்கு, தாளத்தைக் காட்டும் கோடு ஒன்றைத் திரையின் அடியில் வரவழைக்கும் வசதியும் உண்டு. பகைவரின் அடிகள் தட்டில் விழுவனவாதலின், பாட்டில் மனம் தோய்ந்த ஒருவர் தம் முதுகுக்குப் பின்னால் வரும் அடியையும், திரும்பிப் பாராமலே அறிந்து தடுக்கலாம். வலிய பகைவர் சிலர், தாம் அடிக்கப்போகும் வரிசையை முன்னரே ஒலியாலும் குறியாலும் காட்டுவர். ஆடுபவர் அதே வரிசையில் தடுத்து விடையிறுத்தல் வேண்டும். பராப்பாவின் ஆசிரியர் பாடிய அடி இங்குப் பகைவனின் வாளாக மாறி நிற்கின்றது.

தாளத்தைப் பிடிக்கத் தொடங்கிய ஒருவர்க்கு ஊக்கமளிக்கும் வேறொரு முறையும் உண்டு. சுவீடன் நாட்டவர் ஆக்கி 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மெட்டல்: ஹெல்சிங்கர்’ என்பதில் பாட்டு முழுமையாகத் தொடங்குவதில்லை. ஆடுபவர் தட்டுத் தவறாமல் தாக்கத் தாக்க, வாத்தியங்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும். உச்சநிலையை எட்டியவர்க்கே பாடகரின் குரல் கேட்கும்.

‘ஹை-ஃபை ரஷ்’ 2023ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் வெளிவந்தது. பெருவிளையாட்டுகளை ஆண்டுக்கணக்கில் விளம்பரம் செய்தபின் விற்பனைக்குக் கொணர்வதே வழக்கம். இதனையோ அறிவித்த அன்றே வெளியிட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டுக்குள் அதனை ஆடினோர் 30 இலட்சத்தை எட்டினர். ஆண்டின் இறுதியில் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் ஒலியமைப்புக்கான பரிசும், 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரிட்டனின் பாஃப்டா நிறுவனத்தார் வழங்கும் அசைபட ஆக்கத்துக்கான பரிசும் அதற்குக் கிடைத்தன. ஒலிக்கு ஒன்று, அசைவுக்கு ஒன்று எனப் பரிசுகள் பிரிந்து வந்தமை பொருத்தமே. அவ்விரண்டையும் பிரிக்கவொண்ணாதபடி பிணைத்ததே அக்குழுவினரின் உழைப்பு.

பாஃப்டா பரிசு கிடைத்து ஒரு மாதம் நிறைவதற்குள், 2024ஆம் ஆண்டு மே 7ஆம் நாள், டாங்கோ நிறுவனம் மூடப்படும் என்று அதன் உரிமையாளராகிய மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஒரு விளையாட்டின் நிரலைப் பெட்டியில் பூட்டி வைக்கலாம். ஓங்கலை எத்தனை படம் நீட்டினால் கிதார் கனக்கும், எங்கே சுருக்கினால் கை பொறுக்கும் என்னும் அறிவைப் பூட்டி வைத்தல் இயலாது. பல ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் நிரலாளரும் ஓவியரும் இசைவாணரும் ஒருவர் பிழையை மற்றவர் திருத்தித் திருத்திப் பெற்ற அவ்வறிவு, அவர்கள் திசைக்கொருவராய்ப் பிரிந்தால் அவர்களோடு பிரிந்துவிடும். மூன்று மாதம் அந்நிலையே நீடித்தது. ஆகஸ்டு மாதத்தில் தென்கொரியாவின் கிராஃப்டான் நிறுவனம் ‘ஹை-ஃபை ரஷ்’ஷின் உரிமையை விலைக்குப் பெற்று, அதனை ஆக்கிய குழுவினரையும் ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது. சாயின் கிதாரும் அந்தப் பூனையும் அவர்களுடனேயே சென்றன.